கப்பலேறிய ஒரு பிடி நெல்

ஸ்டெபிலைசரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பிய குடும்பம் எங்களுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் எங்களைப் புத்திசாலிகள் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கம். நடவுக் காலத்தில் ஊரிலுள்ள போர் மோட்டார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும்போது வீட்டில் டியூப் லைட் அழுது வடியும். அதனால் ஃபிரிட்ஜுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று என்று ஸ்டெபிலைசர்கள் சுவரில் தொங்கின. என் வீட்டுக்காரருக்கு மெல்பர்னில் டீசல் மெக்கானிக் வேலை கிடைத்து, அவர் முன்னால் போய்விட்டார். நான் சாமான்களைக் கட்டி அனுப்பிவிட்டு, வீட்டை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பின்னால் போக வேண்டும். அவர் மெல்பர்னிலிருந்து தினமும் வீடியோ காலில் பட்டியல் வாசிப்பார்.

"டிவியை மறந்துடாத. கூடவே ஸ்டெபிலைசரையும் போட்டுடு."

"அங்க எதுக்குங்க ஸ்டெபிலைசர்? கரண்டு ஒரு நிமிஷம்கூட ஏறி எறங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இருந்தாலும் யாரை நம்புறது?"

ஒரு கண்டத்தின் மின்சாரத்தையே சந்தேகப்படுகிற மனிதரிடம் என்ன பேச? ஸ்டெபிலைசர் பெட்டிக்குள் போயிற்று. அதோடு கிரைண்டர், மிக்ஸி, இட்லிக் கொப்பரை, மூன்று குக்கர், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ஒன்பது எவர்சில்வர் தூக்குகள், எங்கள் கல்யாணத்துக்கு வந்து ஒருநாளும் மணி சரியாகக் காட்டாத சுவர்க் கடிகாரம் எல்லாம் போயின. விட்டால் வாசல் கதவைக் கழற்றியும் அனுப்பியிருப்போம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் எம்பிராய்டரி மெஷின். கம்ப்யூட்டர் மெஷின், ஊசி தானாகவே நூல் மாற்றிப் பூப்போடுகிற ரகம். எட்டு வருடங்களாகக் குத்தாலத்திலும் சுற்று வட்டாரத்திலும் கல்யாணப் பெண்களின் ஜாக்கெட் முதுகில் மயிலும் மாங்காயும் போட்டு நான் சம்பாதித்து வாங்கியது. என் விசாவில் நான் யார் என்று எழுதியிருந்தது தெரியுமா? கணவரைச் சார்ந்திருப்பவர். அவரோடு வரும் சாமான்களில் நானும் ஒன்று என்று அர்த்தம். பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, சொந்தக் கையால் சம்பாதித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வார்த்தை செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்த மெஷின் அங்கே போய்ச் சேர்ந்தால் நான் தையற்காரி. சேராவிட்டால் ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட இன்னொரு பொருள். மெல்பர்னில் வீட்டிலேயே துணிக்கடை நடத்தும் தமிழம்மா ஒருவரிடம் போனில் பேசி வைத்திருந்தேன். மெஷின் வந்ததும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஊரில் அப்படி ஒரு மெஷினைப் புதிதாக வாங்குவதெல்லாம் எங்களால் ஆகிற காரியமில்லை.

சாமான் கட்டப்போகிறோம் என்று தெரிந்ததும் ஊருக்கே அறிவு பெருகிவிட்டது. முக்கியமாக என் வீட்டுக்காரரின் பெரியப்பாவுக்கு. அவர் ஒரு காலத்தில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். திரும்பி வந்து தலைமுறை ஒன்று ஆகிவிட்டது, இன்னும் சிங்கப்பூர் நேரத்தில்தான் காபி குடிக்கிறார். காலையில் கையில் மார்க்கர் பேனாவோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"ஒரிஜினல் அட்டைப்பெட்டி இருக்கா? அதுல வச்சாத்தான் கஸ்டம்ஸ்காரன் மதிப்பான்."

இருந்தன. இல்லாமல் எங்கே போகும்? டிவிப் பெட்டி, மிக்ஸிப் பெட்டி, அயர்ன்பாக்ஸ் பெட்டி என்று வாங்கிய ஒவ்வொன்றின் அட்டையையும் தெர்மாகோலோடு பரணில் ஏற்றி வைப்பதுதானே நம் பழக்கம். இறக்கிப் பார்த்தால் டிவிப் பெட்டியில் எலி பிரசவித்திருந்தது. பெரியப்பா அசரவில்லை. "தட்டிட்டு உபயோகப்படுத்து" என்றார். தட்டினேன். எலிப் புழுக்கை அவர் வேட்டியில் விழுந்தபோதுதான் அன்றைய உபதேசம் முடிந்தது.

என் மாமியார் உபதேசம் செய்கிறவர் அல்ல. வாயைத் திறக்காமலே தான் நினைத்ததைச் செய்து முடிக்கிறவர். அதனால்தான் அவர்மேல் எனக்கு அதிக பயம். எங்கள் பக்கத்தில் வெறும் பாத்திரத்தைக் கைமாற்ற மாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணம் திரும்பிப் போகும்போது அதில் கொஞ்சம் சர்க்கரையாவது இருக்கும். ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி அரிசி. புது வீட்டுக்குப் பாத்திரம் போகிறதென்றால் சொல்லவே வேண்டாம், நெல் போடாத பாத்திரம் வாசற்படி தாண்டாது. இப்படி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டு கடல் தாண்டப் பார்த்தால் விளங்குமா?

அதனால் முன்கூட்டியே அவரை உட்காரவைத்துச் சொன்னேன்.

"அத்தை, அந்த நாட்டுல விவசாயத்துக்கு நோய் வந்துடும்னு பயப்படுறாங்க. நெல்லு, விதை, இலை, தழை எதுவும் போகக் கூடாது. ஒரு மணி இருந்தாலும் மொத்தத்தையும் நிறுத்திடுவாங்க. புரியுதுங்களா?"

"சரிம்மா" என்றார்.

என் மாமியார் வாயிலிருந்து வரும் "சரிம்மா"வுக்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. பேசி முடித்துவிட்டாயா, எனக்கு வேலை கிடக்கிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரிந்திருந்தும், பாத்திரங்களைத் துடைத்துப் பழைய புடவைத் துணியில் சுற்றி வைக்கிற வேலையை அவரிடமே விட்டேன். எனக்கு என் மெஷினைக் கட்டுவதே பெரும்பாடாக இருந்தது. அதை யாரையும் தொடவிடவில்லை. நானே கழற்றி, நானே ஃபோம் வைத்து, நானே மூடி, மேலே "தொடக் கூடாது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினேன்.

சென்னையிலிருந்து சாமான் கட்டும் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் தலைவர் போலிருந்தவர் கையில் ஒரு டேப்லெட். எதைக் காட்டினாலும் "கிச்சன் ஐட்டம்" என்று தட்டினார். சுவர்க் கடிகாரமும் கிச்சன் ஐட்டம்தான். இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். தென்னந்துடைப்பத்தை ஒதுக்கினார். ஊறுகாய் ஜாடியைத் திறந்து மோந்து பார்த்து, இரண்டாவது முறையும் மோந்து பார்த்து, மனமில்லாமல் ஒதுக்கினார். "இங்க பாருங்கம்மா, அந்த நாட்டுக்காரன் ஒரு கடுகு இருந்தாக்கூட கண்டுபிடிச்சிடுவான்" என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். உணவுப்பொருள், தானியம், விதை, தாவரம் எதுவும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பெரியப்பா தலையாட்டினார். மாமியார் அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். படித்தவள் என்ற மிதப்பில் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

சாமான் கப்பலில், நான் விமானத்தில். மெல்பர்னில் இறங்கி வீட்டைத் திறந்தால் உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மெத்தை, ஒரே ஒரு வாணலி. என் வீட்டுக்காரர் அந்த வாணலியில்தான் சோறு வடித்து, அதிலேயே ரசம் வைத்து, அதிலேயே சாப்பிட்டிருக்கிறார். "சாமான் வரப்போவுதுல்ல, எதுக்கு வாங்கணும்?" என்றார். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. துணிக்கடை அம்மா இரண்டு முறை கூப்பிட்டு மெஷின் வந்துவிட்டதா என்று கேட்டார். மூன்றாவது முறை, கல்யாணப் பெண் ஒருத்தியின் ஜாக்கெட் துணி தயாராக இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் பொறுப்பது என்றார். கப்பல் வந்துவிட்டது, இதோ நாளைக்கு என்றேன்.

மறுநாள் மெஷின் வரவில்லை, ஒரு கடிதம் வந்தது. உங்கள் சரக்கில் அறிவிக்கப்படாத தானியம் இருக்கிறது, சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, முழுச் சோதனை நடக்கும். கூடவே படங்கள். குக்கருக்குள் ஒரு பிடி நெல். இட்லிக் கொப்பரைக்குள் ஒரு பிடி நெல். மிக்ஸி ஜாருக்குள் பிளேடைச் சுற்றி நெல். ஒன்பது தூக்கிலும் ஒன்பது பிடி. பூச்சி வராமலிருக்கக் காய்ந்த நொச்சி இலை இரண்டிரண்டு வேறு. ஒவ்வொரு நெல்மணிக்குப் பக்கத்திலும் ஸ்கேல் வைத்துப் படமெடுத்திருந்தார்கள். கொலை நடந்த இடத்தைக்கூட இவ்வளவு சிரத்தையாகப் படம் எடுப்பார்களா தெரியாது. எங்கள் மானம் கப்பலேறி, இறங்கி, சோதனை மேசையில் கிடந்தது.

உடனே ஊருக்குப் போன் போட்டேன். அங்கே மாமியார் அப்போதுதான் கதிர் அறுத்த ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. நான் எதையும் யோசிக்கவில்லை.

"அத்தை, பாத்திரத்துல நெல்லு போட்டீங்களா?"

டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வெறும் பாத்திரத்தை எப்படிம்மா அனுப்புறது? நீங்க முதன்முதலா குடித்தனம் வைக்கிற வீடு. ஒரு புடிதாம்மா போட்டேன்" என்றார்.

"ஒரு புடியா? ஒங்க ஒரு புடி நெல்லால என் மெஷின் அங்க மாட்டிக்கிட்டு நிக்குது. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க. தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, காதுல விழலையா? படிக்காதவங்ககிட்ட ஒரு வேலையைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்!"

ஆட்களின் பேச்சுக்குரல் நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்காக நான் நிறுத்தவில்லை. எட்டு வருடமாக அவருடைய "சரிம்மா"வை விழுங்கிய கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. அத்தனையையும் கொட்டித் தீர்த்தேன். நானே போனை வைத்தேன். மனசு நன்றாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான்கு நாள் கழித்து முழுச் சோதனையின் முடிவு வந்தது. நெல்லும் இலையும் அகற்றி அழிக்கப்பட்டன, அவற்றில் பூச்சியோ நோயோ இல்லை, பாத்திரங்களைச் சுத்தம் செய்து அனுப்பிவைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். இருக்காது. மாமியார் போட்டது விதைநெல். நான்கு வெயில் காட்டி, தூற்றி, சலித்து, அவர் தன் கையால் எடுத்து வைக்கிற நெல். அதில் வண்டு விழுந்தால் அவர் ஊரில் தலைகாட்ட மாட்டார்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் என் மெஷினின் படம் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெஷினைக் கட்டினேன் என்றேனே தவிர, எப்படிக் கட்டினேன் என்று சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. முந்தின மழைக்காலத்தில் அந்த மெஷினின் போர்டு ஈரத்தில் பழுதாகி, தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்துகொண்டு வந்தேன். ஈரம்தான் இதற்கு எமன் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். கப்பலில் ஆறு வாரம் கடல் காற்றுப் படுமே என்று யோசித்தேன். தண்ணீரில் விழுந்த செல்போனை அரிசிக்குள் போட்டு வைப்பார்களே, அது ஞாபகம் வந்தது. அரிசி ஈரத்தை உறிஞ்சும். இயற்பியல் படித்தவள் இல்லையா? லைனிங் துணியில் அழகாக ஆறு சின்னப் பைகள் தைத்தேன். அடுப்படி டிரம்மிலிருந்த பச்சரிசியை நிரப்பி, வாயை இரட்டைத் தையல் போட்டு மூடி, மெஷினைச் சுற்றி ஆறு இடத்தில் செருகினேன். படிவத்தில் தானியம் இல்லை என்று கையெழுத்துப் போட்டபோது என் மனதில் உறுத்தல்கூட இல்லை. மாமியார் போட்டால் அது நெல், மூடநம்பிக்கை. நான் போட்டால் அது அறிவியல், அதைத் தானியம் என்று யார் சொல்வார்கள்?

அந்த டிரம் அரிசியில் வண்டு இருந்திருக்கிறது. புடைக்காமல், பார்க்காமல், இரண்டு கையாலும் அள்ளிப் போட்டிருக்கிறேன். ஆறு வாரத்தில் அவை பெருகி, லைனிங் துணியைத் துளைத்து, மெஷினுக்குள் குடியேறிவிட்டன. ஊசி நுழைகிற தட்டைக் கழற்றி எடுத்த படத்தில் உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தன. ஸ்கேல் பக்கத்தில் இருந்தது.

அதிகாரியம்மா ஒருவர் போனில் பேசினார். மரியாதையான குரல். மெஷினைப் பல மணி நேரம் கடும் சூட்டில் வைக்கலாம், ஆனால் திரையும் போர்டும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. அல்லது என் செலவில் திருப்பி அனுப்பலாம். அல்லது அழிக்கலாம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அரிசிப் பை விஷயம் அவருக்கும் அப்போதுதான் தெரியும். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் போய் வாணலியைக் கழுவ ஆரம்பித்தார்.

சூட்டில் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். பத்து நாள் கழித்து வந்த படத்தில் திரை அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. உருகிய பிளாஸ்டிக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்ய? அழிக்கச் சம்மதம் என்று போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை கையெழுத்து சின்னதாகத்தான் வந்தது.

மற்ற எல்லாம் வந்து சேர்ந்தன. குக்கர்கள் பளபளவென்று வந்தன. ஒன்பது தூக்கும் ஒரு நசுங்கல் இல்லாமல் வந்தன. எலி பிரசவித்த பெட்டியில் டிவி கீறலில்லாமல் வந்தது. ஸ்டெபிலைசர் வந்தது. அதன் பிளக் இங்கே எந்த ஓட்டையிலும் நுழையவில்லை, அது வேறு விஷயம். துணிக்கடை அம்மாவிடம் மெஷின் வராது என்று சொன்னேன். "பரவால்லம்மா, வேற ஆள் பாத்துக்குறேன்" என்றார். பார்த்துக்கொண்டார்.

ஊருக்கு நான் போன் போடவில்லை. மெஷின் போய்விட்டது என்பதை மட்டும் என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஏன் போயிற்று என்று சொல்லவில்லை, அதை நீயே சொல்லிக்கொள் என்று என்னிடம் விட்டுவிட்டார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் மாமியாரே கூப்பிட்டார். அவர் என்னைத் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஃபோனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் காதும் கன்னமும்தான் திரையில் தெரிந்தன.

"ஏம்மா, கோவமா இருக்கியா?"

"இல்லீங்க அத்தை."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா. பெரியப்பா கேட்டாரு, அந்த ஆளுங்க கேட்டாங்க. மருமவ மேல தப்பே இல்ல, அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா, நான்தான் புத்தி கெட்டுப்போய் நெல்லப் போட்டு அவ மெஷினைத் தொலச்சுட்டேன்னு சொல்லிட்டேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரலம்மா. ஒக்காந்து ஒக்காந்து தச்ச புள்ள, இப்ப கைய கட்டிக்கிட்டு நிக்குதேன்னு இருக்கு. பெரியவளேன்னு பாக்காத. நான் ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் வாய்க்காது. அரிசி, வண்டு, பை. மூன்றே வார்த்தை. என் வீட்டுக்காரர் கதவருகில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அத்தனை பேருக்கும் முன்னால் படிக்காதவங்க என்று நான் கத்தியது ஞாபகம் வந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

"விடுங்க அத்தை. தெரியாம செஞ்சுட்டீங்க. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல" என்றேன்.

என் தப்புக்கு அவரை நான் மன்னித்தேன். அவர் அழுதுவிட்டார். "ஒனக்குப் பெரிய மனசும்மா" என்றார். "சரிங்க அத்தை, சாப்பிட்டுட்டுத் தூங்குங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.